நாலாம் லைன் கிளினிக்குக்குப் போன நாள்

மிஸ்ஸை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது தைத்தவற்றைப் பரிசோதிக்கும் மேசைக்குப் பக்கத்தில் அவர் குனிந்து நின்ற காட்சிதான். மேசையில் வெள்ளையும் கறுப்புமாகப் பிறேசியர்கள் குவிந்து கிடந்தன. மாங்கேணியிலிருந்து வந்து எங்கள் தையல் லைனில் வேலை செய்த பிள்ளை ஒருத்தி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பஞ்சு வைத்த கிண்ணத்தின் மேல் மூன்று விரல்களைச் சேர்த்து அழுத்தி, வட்டமாகத் தடவிவிட்டு அப்பால் வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கக்கூட இல்லை. கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "என்னத்தத் தேடுற புள்ள?" என்று கேட்டார்.

"உடைஞ்ச ஊசி முனை, நூல் முடிச்சு, அப்பிடி ஏதும் உள்ளுக்குக் கிடக்குதா எண்டு பாக்கிறன் மிஸ்."

"கண்ணால பாக்க ஏலாதா?"

"வெளியால தெரியா. கைக்குத்தான் தட்டுப்படும்."

மிஸ் அவளுடைய கையிலிருந்ததை வாங்கித் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மத்தியானம் கன்ரீனில் பேசும்போது வைத்துக் காட்டுவதற்கு இதில் ஒன்றைத் தரமுடியுமா என்று கேட்டார். கழித்துப் போட்டவற்றிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நான் அப்போது நாலாம் லைனின் சூப்பர்வைசர். வாவிக்கரையோரம் இருக்கும் அந்த ஆடைத் தொழிற்சாலையில் வெளிநாட்டுப் பெண்களுக்கான உள்ளாடைகள்தான் தைக்கிறோம். கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், அங்கால வாகரைப் பக்கம் என்று எல்லா இடத்துப் பெண்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். மிஸ் எங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளின் நிறையைப் பார்ப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவருடைய வேலை. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களை, வருத்தமில்லாதவர்களையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி அழைப்பதும் அதில் ஒன்று. வீட்டிலிருக்கும் பெண்களைப் பகலில் போனால் கண்டுவிடலாம். வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். அவர்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் கிளினிக்கும் பூட்டிவிடும். இப்படியே பல மாதங்கள் பூட்டிய படலைகளைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான், பெண்கள் இருக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்துத் தொழிற்சாலையின் படியேறினார். மனேஜர் மாதத்துக்கு ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். காலையிலிருந்து மாலைவரை மார்பில் அணிகிற ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, மார்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வராது. அளவுகளை எண்களாகச் சொல்வோம். வளைவை மில்லிமீற்றரில் சொல்வோம். தைப்பது துணி, அதற்குள் இருக்கப்போவது எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பெண்ணின் உடம்பு என்ற அளவில் எங்கள் யோசனை நின்றுவிடும். முதல் நாள் மிஸ் கன்ரீனில் எழும்பி நின்று "மார்பகப் புற்றுநோய்" என்று சொன்னபோது, சாப்பாட்டுப் பெட்டிகளை மூடும் சத்தம்தான் பதிலாக வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சமையலறையில் நின்ற ஆண்கள் இருவரை மிஸ் கையைக் காட்டி வெளியே போகச்சொன்னார்.

அவர் சிரித்தவர்களைப் பொருட்படுத்தவில்லை. நான் கொடுத்த கிண்ணத்தின் உட்பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சுக்குள் ஒரு பயற்றங்கொட்டையை வைத்து மூடியிருந்தார். அதை மேசை மேசையாகக் கைமாற்றச் சொன்னார். "இது உங்கட வேலைதானே. எங்க கிடக்கு எண்டு கண்டுபிடிச்சுத் தாங்க" என்றார். அது போட்டியைப் போல ஆகிவிட்டது. கண்டுபிடித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். கடைசி மேசைக்கு அது போய்ச் சேர்ந்தபோது, மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "இதத்தான் மாசத்தில ஒருக்கா உங்கட உடம்பில செய்யச் சொல்லுறன். மாசச் சுகயீனம் வந்து ஒரு கிழமை போனாப்பிறகு, குளிக்கக்குள்ள, சவுக்காரம் போட்ட கையால. கைக்கடியில கமக்கட்டையும் விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த மாதங்களில்தான் மற்றவற்றைச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால் கையை உயர்த்தி நின்று பார்க்கவேண்டும். தோல் தோடம்பழத் தோலைப்போலக் குழிகுழியாகத் தடிக்கிறதா, ஒரு இடம் உள்ளுக்கு இழுபடுகிறதா, காம்பு திரும்புகிறதா, நீரோ இரத்தமோ கசிகிறதா என்று கவனிக்கவேண்டும். நோகவில்லை என்பதற்காக ஒரு கட்டியைச் சும்மா விடக்கூடாது. இதையெல்லாம் அவர் பாணின் விலையைச் சொல்வதைப்போல ஒரே குரலில் சொல்வார். எதையும் கூட்டிச் சொல்லமாட்டார். தாய்ப்பால் கொடுப்பது நல்லது, உடம்பு அளவுக்கு மிஞ்சிப் பெருக்காமல் பார்ப்பது நல்லது, ஓடியாடி நடப்பது நல்லது என்பார். அப்படியெல்லாம் இருந்தால் வரவே வராதா என்று ஒருத்தி கேட்டபோது, "அப்பிடி ஆராலயும் சொல்ல ஏலா. வரக்கூடிய அளவு குறையும். வந்தாலும் சின்னனில கண்டுட்டா வைத்தியம் லேசு" என்றார். கம்பி வைத்த பிறேசியரால்தான் இந்த நோய் வருகிறது என்று எங்களுக்குள் வெகுகாலமாக ஒரு பேச்சு இருந்தது. அதை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மிஸ் தன் சேலையின் தோள்பக்கத்தைத் தொட்டுக்காட்டி, "நானும் அதத்தான் போட்டிருக்கிறன். அதால வாறல்ல" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கன்ரீன் முழுவதும் அவரோடு சேர்ந்து சிரித்தது.

மாங்கேணிப் பிள்ளை என்னிடம் வந்தது நாலைந்து மாதங்கள் கழித்து. அவள் கல்லடியில் இன்னும் சில பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்து வேலைக்கு வந்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பனிச்சங்கேணியில் ஒரு பையனுக்குப் பேசி முடித்து, சித்திரையில் கலியாணம் என்று இருந்தது. லைனின் கடைசியில் நூல்பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எனக்கு ஒண்டு தட்டுப்படுது" என்றாள். நூல் முடிச்சு ஒன்று அகப்பட்டதைச் சொல்லும் அதே முகம். கைமட்டும் தன் சட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

மிஸ் அடுத்தநாளே வந்தார். பெண்கள் உடைமாற்றும் அறையில் அவளைப் பரிசோதித்தார். அந்த அறைக்கு ஒரு கதவு, அதன் வெளியே ஒரு வாங்கு, அந்த வாங்கில் எப்போதும் இரண்டுபேர் இருப்பார்கள். மிஸ் வெளியே வந்து, இந்த வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை பயமில்லாதவை, ஆனாலும் தன் கைக்குத் தெரிவதை வைத்து முடிவு சொல்லக்கூடாது, ஸ்கான் எடுத்து ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று என்னிடமும் அவளிடமும் சொன்னார். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். மாங்கேணியிலிருந்து தாய் வந்தார். இரண்டுபேரும் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கிளினிக் நடக்கும் விறாந்தையில்தான் மாப்பிள்ளையின் பெரியம்மா அவர்களைக் கண்டிருக்கிறார். அவர் வேறு யாரையோ பார்க்க வந்தவர். வந்து கதைத்துவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர முன்பே அந்தச் செய்தி பனிச்சங்கேணிக்குப் போய்விட்டது. அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டார் வந்து, பிள்ளைக்குச் சுகமானபிறகு பார்ப்போம், இப்போது தள்ளிவைப்போம் என்று சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. பழமும் வெற்றிலையும் கொண்டுவந்து மரியாதையாகத்தான் சொன்னார்களாம். ஊசியில் எடுத்ததன் முடிவு பிறகு வந்தது. அது சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை, விரும்பினால் எடுக்கலாம், விட்டாலும் பாதகமில்லை. அந்த முடிவைத் தாய் பனிச்சங்கேணிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கலியாணம் நடக்கவில்லை.

அந்தத் தாய் தொழிற்சாலை வாசலுக்கு வந்தது மிஸ் வகுப்புக்கு வந்த ஒரு மத்தியானத்தில். வேலையை விட்ட மகளின் உடுப்புப் பையை, அறையில் கூட இருந்தவர்கள் காவலாளியிடம் கொடுத்துவைத்திருந்தார்கள்; அதை எடுத்துப்போக வந்திருந்தார். காவலாளி என்னை அழைத்தார். நான் போக, மிஸ்ஸும் கூட வந்தார். தாய் மெலிந்த, உயரமான பெண். கருவாடு காயப்போடும் வெயிலில் நின்ற கறுப்பு கையிலும் முகத்திலும் இருந்தது. மிஸ்ஸைப் பார்த்தவுடன் அவருக்கு ஆள் விளங்கிவிட்டது.

"நீங்கதானே படிப்பிச்ச ஆள்?"

"ஓம்மா."

"என்ட புள்ள சும்மா இருந்தவள். இல்லாத வருத்தத்தத் தேடிப் புடிக்கப் படிப்பிச்சீங்க. வருத்தமும் இல்லையாம். கலியாணமும் இல்ல. இப்ப என்னத்தப் படிப்பிக்கப் போறீங்க?"

மிஸ்ஸிடம் பதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை செய்தது சரி, இல்லை என்று தெரிந்துகொண்டதே பெரிய காரியம் என்று வேறு யாரிடமாவது அவர் சொல்லியிருப்பார். அந்தத் தாயிடம் அதைச் சொல்லவில்லை. தாய் பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். மிஸ் அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கன்ரீனுக்கு வந்து அன்றைய வகுப்பை எடுத்தார். குரல் மாறவில்லை. பாதியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு வகுப்பு வெறிச்சோடிப் போனது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மரநிழலுக்குப் போனார்கள். கலியாணமாகாத பிள்ளைகளின் தாய்மார், அந்த மிஸ்ஸுக்குப் பக்கத்திலும் போகாதே என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளையைத் தானாகத் தடவிப் பார்க்கச்சொன்னது வெட்கக்கேடு என்று ஒரு கதை. அவளுக்கு உண்மையில் நோய் இருந்தது, மறைக்கிறார்கள் என்று இன்னொரு கதை. மனேஜர், கொஞ்சநாள் நிற்பாட்டி வைப்போமே என்றார். மிஸ் நிற்பாட்டவில்லை. மாதத்தில் குறித்த நாளில் வந்து, கன்ரீனின் மூலை மேசையில் தேத்தண்ணியோடு இருப்பார். சிலநாள் என்னோடு மட்டும் பேசிவிட்டுப் போவார். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு, கல்லடியிலிருந்து சைக்கிள் மிதித்து, முதுகு நனைய வந்து அந்த மேசையில் இருப்பார்.

அப்படி ஒருநாள் இருந்தபோதுதான் கேட்டார். "தங்கச்சி, அந்தப் புள்ள போன வழியில என்ன பிழை?"

ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியம்மா கண்டதுதான் பிழை என்றேன்.

"கண்டது பிழையில்ல. தனியப் போனதுதான். ஒருத்தி போனா அவட பேர்தான் விழும். எல்லாரும் போனா ஆர்ட பேர் விழும்?" என்றார். பிறகு, "நான்தான் அவளத் தனிய அனுப்பினன்" என்றார். அந்தச் சம்பவத்தைப்பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

எல்லோரையும் ஒரே நாளில் அனுப்புவதற்கு எந்தத் தொழிற்சாலையும் சம்மதிக்காது. ஒரு லைன் ஒருநாள் நின்றால் எவ்வளவு நட்டம் என்று மனேஜரின் மேசையில் கணக்கு இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் கப்பலில் வரவேண்டிய துணி வரவில்லை. லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சும்மா இருந்தன. நாங்கள் மெசின்களைத் துடைத்தோம், மறுபடியும் துடைத்தோம். மிஸ் மனேஜரிடம் போய், துணி இல்லாத நாளில் ஆட்களை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தொழிலாளர் பஸ்ஸுக்கு டீசல் ஒதுக்கீடு இருந்தது. மனேஜர் யோசித்துவிட்டு, ஒரு லைனைக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றார். எந்த லைன் என்று கேட்கவில்லை. மிஸ் நாலாம் லைன் என்றார்.

முதல்நாள் மாலையில் நான் லைனில் சொன்னேன். வயது பார்க்கவில்லை, கலியாணமானவர் ஆகாதவர் பார்க்கவில்லை, சூப்பர்வைசரும் சேர்த்து எல்லோரும் போகிறோம், முதலில் உள்ளே போகிறவள் நான், விருப்பமில்லாதவர்கள் நிற்கலாம் என்று சொன்னேன். நிற்கப்போவதாகச் சிலர் சொன்னார்கள். காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். வேலைக்கு வரும் உடுப்பில் ஒருவரும் இல்லை. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுத்தும் சேலைகளோடும், புது அபாயாக்களோடும், கைப்பைகளோடும் வந்திருந்தார்கள். ஒருத்தி முறுக்குச் செய்து கொண்டுவந்திருந்தாள். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது ஜன்னல்களைத் திறந்து வாவியைப் பார்த்தார்கள். அந்தப் பாலத்தால் தினமும் போய்வருகிறவர்கள்தான் அவர்களில் பாதிப்பேர். பகல் வெளிச்சத்தில், வேலையில்லாமல் அதைக் கடந்து வெகுகாலமாகியிருந்தது.

சுகாதார நிலையத்தில் மிஸ் ஒழுங்கை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு பெண் வைத்தியர் இருந்தார். ஒவ்வொருவரும் ஒரே அளவு நேரம் உள்ளே இருக்கவேண்டும் என்பது மிஸ்ஸின் ஏற்பாடு. ஒன்றும் இல்லாதவர்களையும் பிரஷர் பார்க்கிறேன், நிறை பார்க்கிறேன் என்று வைத்திருந்தார்கள். வெளியே வருகிறவரின் முகத்தை மற்றவர்கள் பார்த்து எதையும் கண்டுபிடிக்கமுடியாதபடி, பின்கதவால் அனுப்பி, அங்கே மரத்தின் கீழ் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் முதலில் போய் வந்தேன். பிறகு மரத்தின் கீழிருந்து ஒவ்வொருவராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைனில் அயன் போடுகிறவரை, முஸ்லிம்கள் அக்காவைச் சொல்வதைப்போல, எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்; ஏறாவூர்க்காரர். ஐம்பதை நெருங்கிய, வாய் ஓயாத பெண். புருஷன் கட்டாரில். வீட்டில் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் வந்து மரத்தின் கீழ் இருந்தார். முறுக்கை எடுத்துக் கடித்தார். அரைவாசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மிஸ் பின்கதவில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மிஸ்ஸின் முகத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு விளங்கியது.

அன்று மூன்றுபேரை ஸ்கானுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டுபேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு வந்தது. மூன்றாவது ராத்தா. ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று முடிவு வந்த அன்று நானும் மிஸ்ஸும் அவருடைய வீட்டுக்குப் போனோம். அயலவர்கள் விசாரிக்காதபடி, தையல்காரி வீட்டுக்குப் போவதைப்போல ஒரு துணிப்பையோடு போகலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். மகள் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனபிறகு ராத்தா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எனக்குத் தெரியும் மிஸ். நீங்க அந்தப் பயற்றங்கொட்டய வச்சுக் காட்டின மாசமே நான் பாத்திட்டன். இண்டைக்கு நாளைக்கு எண்டு உங்களுக்கிட்டச் செல்லத்தான் இருந்தன். அதுக்குள்ள அந்த மாங்கேணிப் புள்ளைட விசயம் நடந்திட்டு. என்ட ஊட்டிலயும் ஒரு குமர் இரிக்கி. உம்மாக்கு இந்த வருத்தம் எண்டா மகள ஆரு எடுப்பாங்க? நிக்காஹ் முடியட்டும், மறுகா பாப்பம் எண்டு வாய மூடிட்டன்."

"அப்ப அண்டைக்கு ஏன் வந்தீங்க ராத்தா?" என்று மிஸ் கேட்டார்.

"எல்லாரும் போகக்குள்ள நான் மட்டும் நிண்டா, ராத்தாக்கு என்னமோ இரிக்கி எண்டுதானே கதைப்பாங்க? போனாத்தான் ஒளிக்கலாம் எண்டு வந்தன்."

மாங்கேணிப் பிள்ளையின் கதையால் ஒரு வருடத்துக்கு மேல் இந்தப் பெண் வாயை மூடியிருந்திருக்கிறார். அது மிஸ்ஸுக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் பேசினார். சத்திரசிகிச்சை, அதற்குப்பிறகு மருந்து ஏற்றுவது, முடி கொட்டும், பிறகு முளைக்கும். புருஷனிடம் யார் சொல்வது என்று கேட்டார். ராத்தா தானே சொல்வதாகச் சொன்னார். மறுநாள் போனில் சொன்னார். அந்த மனிதர், "மகளுக்கு மாப்பிள்ள அல்லாஹ் தருவான். நீ முதல்ல மருந்தச் செய்" என்றாராம். இதை ராத்தா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கட்டி பெரிதாகியிருந்தது. கமக்கட்டு வரையும் போயிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் வந்திருந்தால் மார்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். எடுத்தார்கள். மருந்து ஏற்றிய மாதங்களில் அவர் பாதியாகப் போனார். எதைச் சாப்பிட்டாலும் இரும்பைக் கடித்ததுபோல இருக்கிறது என்பார். லைனில் முறைவைத்து அவருடைய வீட்டுக்குப் போனோம். ஒருவரும் தனியாகப் போகவில்லை. மகள் சமைத்தாள், கழுவினாள், தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்த வேலைகளுக்கிடையிலேயே அவளைப் பெண்பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். ஒரு வீட்டார் விசயம் தெரிந்து திரும்பிப் போனார்கள். அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் தாய், தன் தங்கை இதே வருத்தத்தைச் சொல்லாமல் வைத்திருந்து மௌத்தாய்ப் போனவர் என்று சொல்லி, ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அந்த வீட்டில்தான் அவள் இப்போது மருமகள்.

ராத்தா வேலைக்குத் திரும்பியபோது பழைய இடத்தில் விடவில்லை. சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கையில் சூடும் பாரமும் படக்கூடாது என்று மிஸ் மனேஜரிடம் வந்து சொன்னார். நூல் வெட்டுகிற மேசையில் இருக்கச்செய்தோம். தலையில் முடி முளைத்துவிட்டது, முன்னைவிடச் சுருள் என்று ராத்தாவே சொல்லுவார். வாய் திரும்பவும் ஓயாததாகிவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, "மார்பு எண்டு செல்லு பாப்பம்" என்பார். அவர்கள் வெட்கப்பட்டால் விடமாட்டார். பிள்ளை சொன்னபிறகுதான் கத்தரிக்கோலைக் கொடுப்பார். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு லைனாக, எல்லா லைன்களும் இப்போது கிளினிக்குக்குப் போகின்றன. துணி இருக்கிற நாளிலும் போகின்றன. மனேஜர் மாறிவிட்டார். வந்தவர் அது எப்போதும் உள்ள வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் திருத்தவில்லை.

மாங்கேணிப் பிள்ளை திரும்பி வரவில்லை. வீட்டில் மெசின் போட்டுச் சட்டை தைக்கிறாள். கலியாணம் நடக்கவில்லை. ஒருமுறை சந்தையில் கண்டபோது நன்றாகத்தான் பேசினாள். அந்தக் கட்டி அப்படியே இருக்கிறதாம், வருடாவருடம் காட்டுகிறாளாம். "மிஸ்ல எனக்குக் கோவம் இல்லக்கா. அம்மாக்குத்தான் ஆறல்ல" என்றாள். அதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும்போது மிஸ்ஸை வாகரைப் பக்கம் மாற்றினார்கள். இந்த வயதில் இவ்வளவு தூரம் அலைக்கழிக்கிறார்களே என்று நாங்கள் சொன்னோம். தானே கேட்டு வாங்கிய மாற்றம் என்று அவர் சொல்லவில்லை. வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. போன ஆண்டு லீவு எடுத்துக்கொண்டு ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். அங்கே, மாங்கேணியில் பொதுமண்டபம் ஒன்றில் கிளினிக் நடந்துகொண்டிருந்தது. மீன் கழுவிவிட்டு வந்த பெண்களும், கருவாட்டுப் பாயை மடித்துவைத்துவிட்டு வந்தவர்களும் மண்டபத்தின் முன்னால் போட்ட பந்தலின் கீழ் இருந்தார்கள். வைத்தியர் வர நேரமானதால் மிஸ் திரைச்சீலைக்குப் பின்னால் பார்க்கத் தொடங்கியிருந்தார். பெயரைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே விடும் வேலையை எனக்குத் தந்தார்.

மத்தியானத்துக்குக் கிட்ட அந்தப் பிள்ளையின் தாய் வந்தார். உயரம் அப்படியே இருந்தது. தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டவுடன் ஒரு கணம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பந்தலின் ஓரத்தில் இருந்தார். முறை வந்தபோது எழும்பி, என்னைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போனார்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மிஸ்ஸின் குரல் மட்டும் கேட்டது. கையை உயர்த்துங்க. மற்றக் கை. இப்ப படுங்க. நோகுதா? மிஸ் மற்ற எல்லாரிடமும் சொல்வதையே, அதே வரிசையில் சொன்னார். எதையும் கூட்டவில்லை. "ஒண்டும் இல்லம்மா. நல்லா இருக்கிறீங்க" என்றார்.

அந்தத் தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். செருப்பைப் போட்டார். படியிலிறங்கப் போனவர் நின்று, திரைச்சீலையின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"மறுகா எப்ப வரவேணும்?"

"வாற வருசம், இதே மாசத்தில வாங்க. இடையில ஏதும் வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே வாங்க."

"ஓம்" என்றுவிட்டு அவர் பந்தலைக் கடந்து போனார். திரைக்குப் பின்னால் கை கழுவும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கை கழுவ எடுக்கும் நேரத்தைவிட அதிகமாக. பிறகு மிஸ்ஸின் குரல் வழக்கம்போல வந்தது.

"அடுத்த ஆள வரச் சொல்லுங்க தங்கச்சி."